கார் தொடவே இல்லை

எங்கள் காற்பந்துக் கழகத்தில் அந்த ஒரு வாக்கியத்தை எத்தனை பேர் வாயால் கேட்டேன் என்று கணக்கில்லை. தலைவர் சொன்னார். செயலாளர் சொன்னார். திடலோரம் நின்று கச்சாங் கடலை கொறிக்கிறவர்கள்கூடச் சொன்னார்கள். "கார் அந்தம்மாவைத் தொடவே இல்ல லா." என்னவோ அந்தக் கார் அவருக்குப் பெரிய உபகாரம் செய்துவிட்டுப் போன மாதிரி.

தொடவில்லைதான். ஒத்துக்கொள்கிறேன். பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்த ஒரு பெண்மணி, தன்னை நோக்கி நேராக ஏறி வந்த காரைப் பார்த்துப் பின்னால் தாவினார். பின்னால் இருந்தது சிமெண்டு கால்வாய். அதில் விழுந்து இடுப்பெலும்பு உடைந்தது. கார் நிறுத்தத்தின் இரும்புத் தூணில் மோதி நின்றது. ஓட்டி வந்தவன் எங்கள் குழுவின் முன்னணி ஆட்டக்காரன், அதிகமாகக் கோல் போடுகிறவன். ஊதச் சொன்ன போலீஸ்காரர் கருவியை இரண்டு தடவை பார்த்தாராம். அவ்வளவு தண்ணி. மாலை ஐந்து மணிக்கு.

நான் கிள்ளானில் பள்ளி வேன் ஓட்டுகிறவள். பத்தொன்பது வருடமாக ஓட்டுகிறேன். வாரத்தில் ஐந்து நாள் பிள்ளைகள், சனி ஞாயிறு ஆட்டம் இருந்தால் கழகத்துப் பையன்கள். ஐந்து நாளும் என் பக்கத்து இருக்கையில் இருந்தவர்தான் கால்வாயில் விழுந்த அந்தப் பெண்மணி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் இறங்கி, கதவை இழுத்துத் திறந்து, பிள்ளையைக் கைபிடித்து ஏற்றி, தலையை எண்ணி, மறுபடி ஏறி உட்காருவார். பதினோரு வருடம். யார் வீட்டுப் பிள்ளைக்கு வண்டியில் வாந்தி வரும், எது வகுப்புத் தோழனின் பென்சிலைத் திருடும், எல்லாம் அவருக்குத் தெரியும். எனக்குச் சாலை மட்டும்தான் தெரியும். இடுப்பில் உலோகம் வைத்துத் தைத்த பிறகு அவரால் வேன் படியில் ஏற முடியவில்லை. டாக்டர் இனி ஏறவே வேண்டாம் என்றார்.

அன்றைக்கு என்ன நடந்தது என்பதில் என் பங்கும் உண்டு. அதை மறைத்துவிட்டு மற்றவர்களைத் திட்டினால் நன்றாக இருக்காது. ஆட்ட நாளில் பையன்கள் எல்லாரும் தங்கள் கார்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஒரு சாப்பாட்டுக் கடை வாசலில் விட்டுவிட்டு என் வேனில் ஏறுவார்கள். ஆட்டம் முடிந்ததும் நான் அவர்களை அதே கடையில் இறக்கிவிடுவேன். ஜெயித்த நாள் என்றால் தலைவர் அங்கே முன்னாலேயே போய், ஐஸ் போட்ட வாளிகளில் பீர் அடுக்கி வைத்திருப்பார். கழகத்தின் வழக்கம் அது. வண்டியை நிறுத்துகிற இடமும் குடிக்கிற இடமும் ஒன்றாக இருப்பதில் ஏதோ கோளாறு இருக்கிறது என்று இத்தனை வருடத்தில் யாருக்கும் தோன்றவில்லை. பிள்ளைகளை ஏற்றுவதற்கென்று தனி லைசென்ஸ் வைத்திருக்கிற எனக்கும் தோன்றவில்லை. அன்று லீக் ஆட்டம் ஒன்றில் ஜெயித்தார்கள். மூன்று மணிக்கு இறக்கிவிட்டேன். "நல்லா சாப்பிடுங்க" என்று வேறு சொல்லிவிட்டு வந்தேன். அக்கா சனிக்கிழமை மாலைப் பூசைக்குப் போக, வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு பேருந்துக்கு நின்றிருந்தார்.

வழக்கு போட்டார்கள். அளவுக்கு மீறிக் குடித்துவிட்டு ஓட்டிய குற்றம் மட்டும்தான். அக்காவின் இடுப்பு அதில் வரவில்லை. கார்தான் தொடவில்லையே.

வாய்தாவுக்கு ஒரு வாரம் முன்பு செயலாளர் என்னைக் கூப்பிட்டார். பையன் உடைந்துபோயிருக்கிறான், சாப்பிட மாட்டேன் என்கிறான், முறைப்படி தட்டு வைத்து மன்னிப்புக் கேட்க ஆசைப்படுகிறான், அந்த வீட்டில் உங்களுக்குத்தானே பழக்கம், நீங்கள்தான் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்றார். எனக்கு மனம் இளகிவிட்டது. நம் ஆட்களுக்குத் தட்டு என்றால் தட்டுதான். கல்யாணமோ சண்டையோ, ஒரு வீட்டுப் படியைத் தாண்டித் தட்டு உள்ளே வந்துவிட்டால் முகத்தைத் திருப்ப முடியாது. இரண்டு கையாலும் வாங்கித்தான் ஆக வேண்டும்.

என்ன வைப்பது என்று நானே சொன்னேன். ஆப்பிள், ஆரஞ்சு, ஒரு சீப்பு வாழைப்பழம், கற்கண்டு, ஒரு சேலை. எண்ணிக்கை ஒற்றைப்படையில் வரட்டும் என்றேன். சேலை வெளிர் நிறத்தில் எடுங்கள், அக்காவுக்கு அடர்த்தியான நிறம் பிடிக்காது என்றேன். தலைவர் வீட்டுப் பித்தளைத் தட்டு வந்தது. பையன், செயலாளர், தலைவர் மூன்று பேரையும் என் வேனிலேயே அக்காவின் பிளாட்டுக்கு ஏற்றிக்கொண்டு போனேன். முட்டாள் என்று என்னை நானே திட்டிக்கொள்ள இதைவிட நல்ல இடம் என் வாழ்க்கையில் இல்லை.

அந்தப் பையனைப் பற்றிப் பொய் சொல்ல மாட்டேன். இருபத்தாறு வயது. முழுக்கைச் சட்டை போட்டு வந்திருந்தான். அக்கா கைத்தடியை ஊன்றி எழுந்து நிற்க முயன்றதைப் பார்த்ததும் அவன் அழுதுவிட்டான். அது நடிப்பில்லை. "மன்னிச்சிருங்க ஆன்டி" என்று காலில் விழப் போனான். அக்கா தடுத்தார். வீட்டுக்கு வந்தவன் அழுகிறான், அதுவும் பிள்ளை வயது. அப்போது ஒரு வீட்டுக்காரி என்ன சொல்வாளோ அதைத்தான் அக்காவும் சொன்னார். "பரவால்ல தம்பி, நீ வேணும்னா செஞ்ச? நானும் பார்த்து நின்னுருக்கணும். அழாத." பிறகு தட்டை வாங்கி மாதா படத்துக்கு முன்னால் வைத்தார். எல்லாருக்கும் கோப்பி கலக்கச் சொல்லி என்னிடம் கண்ணைக் காட்டினார்.

செயலாளர் போனை நெஞ்சுக்கு நேராகப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். ஞாபகத்துக்குப் படம் எடுக்கிறார் என்று நினைத்தேன்.

தீர்ப்பு வந்தது. அபராதம் கட்டினான், லைசென்ஸ் போனது, சிறை இல்லை. குற்றவாளி என்று ஆகிவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, கடை வீட்டு மாடியில் இருக்கிற எங்கள் செயலவை அறையில் கூட்டம். அவனைக் கழகத்திலிருந்து நீக்குவதா வைத்துக்கொள்வதா என்பதுதான் பேச்சு. வேன் விஷயத்துக்காக நான் எல்லாக் கூட்டத்திலும் உட்காருவேன். ஓட்டு கிடையாது, நாற்காலி உண்டு.

பேச ஆரம்பித்ததும் எனக்குக் காது சுட்டது. சட்டம் ஒரு தடவை தண்டித்துவிட்டது, நாம் எதற்கு இன்னொரு தடவை தண்டிக்க வேண்டும் என்றார் ஒருவர். இளம் பையன், வாழ்க்கையைக் கெடுக்கலாமா என்றார் இன்னொருவர். மூன்றாமவர் வெட்கமில்லாமல் விஷயத்துக்கு வந்தார். அடுத்த வாரம் இறுதி ஆட்டம், அவன் இல்லாமல் யார் கோல் போடுவது?

இதே அறையில், இதே நாற்காலிகளில் உட்கார்ந்துதான் இரண்டு வருடத்துக்கு முன்பு எங்கள் கோல்கீப்பரை நீக்கினார்கள். அவன் செய்த மகா பாதகம், கேரித் தீவில் தன் சித்தப்பா ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு நடத்திய சின்னப் போட்டியில் அனுமதி கேட்காமல் ஆடியது. ஒரு தடவைதான். ஜெர்சியை அன்றைக்கே திருப்பி வாங்கினார்கள். ஒழுக்கம்தான் கழகத்தின் உயிர் என்று தலைவர் பேசியது இன்னும் என் காதில் இருக்கிறது. அவன் வாழ்க்கை கெடுமே என்று அன்று யாரும் கண் கலங்கவில்லை. அவன் சுமாரான கோல்கீப்பர். மருமகள் உடைத்தால் பொன்குடம், மாமியார் உடைத்தால் மண்குடம்.

நான் அவனைத் தூக்கில் போடச் சொல்லவில்லை. பட்டறையில் வேலை பார்க்கிறான், பார்க்கட்டும். வேறு எங்காவது பந்து உதைக்கட்டும். ஆனால் கழகத்து ஜெர்சி சோறு போடுகிற வேலை இல்லை, அது மரியாதை. என் வேனில் ஏறுகிற பொடியன்களில் நாலு பேர் அவனுடைய ஜெர்சி எண்ணைப் பையில் எழுதி வைத்திருக்கிறார்கள். குடித்துவிட்டு ஓட்டி ஒருத்தியின் காலை முடக்கினாலும் அடுத்த வாரம் கை தட்டுவார்கள் என்று அந்தப் பொடியன்களுக்கு நாம் சொல்லிக்கொடுக்க வேண்டுமா? நான் ஒரே ஒரு நாள் ஒரு கிளாஸ் குடித்துவிட்டு வேனை எடுத்து மாட்டினால், மறுநாள் எந்த வீட்டு வாசலிலாவது ஒரு பிள்ளை நிற்குமா? நிற்கக் கூடாது. அதுதான் சரி.

இதையெல்லாம் அவ்வளவு ஒழுங்காகச் சொன்னேனா தெரியாது. குரல் உயர்ந்துவிட்டது. தலைவருக்கு லோரி கம்பெனி இருக்கிறது. போன வருடம் அவருடைய ஓட்டுநர் ஒருவர் காலையில் பீர் வாடையோடு வந்தார் என்று, சாவியை வாங்கிக்கொண்டு வாசலோடு அனுப்பினார். அவரே பெருமையாக எங்களிடம் சொன்ன கதை. அதை ஞாபகப்படுத்தினேன்.

"அது லோரி மா, பிசினஸ்" என்றார். "இது விளையாட்டு."

அதற்குமேல் என்னோடு பேசுவதில் பயனில்லை என்பதுபோல் செயலாளரைப் பார்த்துத் தலையாட்டினார். செயலாளர் போனை எடுத்துச் சுவரில் இருந்த டிவியில் இணைத்தார். அக்காவின் வீடு தெரிந்தது. மாதா படம் தெரிந்தது. கோப்பி கலக்கப் போகிற என் முதுகு தெரிந்தது. அக்கா பேசினார். "நானும் பார்த்து நின்னுருக்கணும்."

செயலாளர் நிறுத்திவிட்டு, இதைத்தான் வக்கீல் கோர்ட்டில் காட்டினார், பாதிக்கப்பட்டவரே மன்னித்துவிட்டார், தன் தவறையும் ஒத்துக்கொண்டார் என்று எடுத்துச் சொன்னார், அதனால்தான் பையன் உள்ளே போகாமல் தப்பினான் என்றார். தலைவர் கையை விரித்தார். "அவங்களே தட்டு வாங்கிட்டாங்க. முடிஞ்சி போச்சு. நமக்கு என்ன?"

ஊரான் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்பார்கள். அடுத்தவர் இடுப்பை எடுத்து இவர்கள் தாராளமாக மன்னிப்பு வழங்கிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தட்டில் எது எது வைக்க வேண்டும் என்று பட்டியல் போட்டவள் நான். எனக்கு யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. எல்லார்மேலும் பட்டேன்.

கூட்டத்தில் வயதான ஒருவர் மட்டும், எதற்கும் அந்தம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள் என்றார். முடிவைப் புதன்கிழமை சாயங்காலத்துக்குத் தள்ளிவைத்தார்கள். கலைகிறபோது செயலாளர் என்னிடம் வந்து, பையனுக்கு லைசென்ஸ் இல்லை, இனிமேல் ஆட்ட நாளில் அவனை நீங்கள்தான் வீட்டில் ஏற்றி வீட்டில் இறக்க வேண்டும், உங்கள் பக்கத்து இருக்கை காலியாகத்தானே இருக்கிறது என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

நேராக அக்காவின் பிளாட்டுக்குப் போனேன். பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து மகள் வந்து சமைத்து வைத்துவிட்டுப் போயிருந்தாள். அக்கா நாற்காலியில் உட்கார்ந்தபடி துணி மடித்துக்கொண்டிருந்தார். வீடியோவைப் பற்றிச் சொன்னேன். நான்தான் அவர்களைக் கூட்டி வந்தேன், என்னை மன்னித்துவிடுங்கள் என்றேன். அவர் மடிப்பதை நிறுத்தவில்லை. ஒரு தலையணை உறையை முடித்துவிட்டுத்தான் பேசினார்.

"நான் அவன மன்னிச்சது நெசம்தான். அதுல பொய்யில்ல. ஆனா அது என் இடுப்புக்கு. ரோட்டுல நிக்கிற மத்தவங்களுக்கெல்லாம் நான் எப்படி மன்னிப்பு குடுக்கறது?"

நான் மடிக்காத துணிகளை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"அவன வெளையாட வைக்கிறதும் நிப்பாட்டறதும் அவங்க பாடு. என் பேரச் சொல்லி வைக்கக் கூடாது. அத மட்டும் சொல்லிடு."

பிறகு அலமாரிமேல் இருந்த பித்தளைத் தட்டைக் காட்டி, அதைத் தலைவர் வீட்டில் சேர்த்துவிடச் சொன்னார். சேலை பிரிக்காமல் பையிலேயே இருந்தது, அதை மாதா கோயிலில் கொடுக்க எடுத்து வைத்திருந்தார். நான் தட்டைத் துடைத்துவிட்டு, பழக்கத்தில் அடுப்படிக்குப் போய்ச் சீனி டப்பாவைத் திறந்தேன். வந்த தட்டை வெறுமனே திருப்புவது நம்மில் இல்லை. ஒரு கரண்டி சீனியாவது, இரண்டு பழமாவது போட்டுத்தான் கொடுப்போம். உறவு அறுந்துவிடவில்லை என்று அர்த்தம்.

"போடாத" என்றார் அக்கா. "அப்படியே குடு."

பதினோரு வருடத்தில் அவர் வீட்டிலிருந்து ஒரு கிண்ணம்கூட வெறுமனே என் கைக்கு வந்ததில்லை. தோசை மாவு கொடுத்த பாத்திரத்தைக்கூட நாலு பச்சை மிளகாய் போட்டுத்தான் திருப்புவார்.

புதன்கிழமை கூட்டத்தில் அக்கா சொன்னதைச் சொன்னபடி சொன்னேன். தட்டை மேசைமேல் தலைவருக்கு முன்னால் வைத்தேன். தலைவர் ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர், அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. கொஞ்ச நேரம் அதையே பார்த்தார்.

"என்னம்மா, வெறும் தட்டு?"

"அக்கா அப்படியே குடுக்கச் சொன்னாங்க."

அவர் முகம் சிறுத்தது. ஒரு நிமிடம், மனிதர் மாறிவிடுவார் என்றுகூட நினைத்தேன். தட்டை எடுத்து நாற்காலிக்குக் கீழே வைத்தார். ஓட்டெடுப்பு நடந்தது. பதினொரு பேரில் ஏழு கை அவன் பக்கம் உயர்ந்தது. கடுமையான எச்சரிக்கைக் கடிதம் ஒன்று கொடுப்பது, அவனை வைத்துக்கொள்வது. ஏழில் தலைவரின் கைதான் கடைசியாக உயர்ந்தது. மெதுவாகத் தூக்கினார் என்பதற்காக நான் அவருக்கு நன்றி சொல்லப் போவதில்லை.

சனிக்கிழமை இறுதி ஆட்டம், சுபாங் ஜெயா பக்கம். அவன் வீட்டுக்கு நான் போகவில்லை. ஆனால் அவன் யாருடைய மோட்டார் சைக்கிளிலோ பின்னால் உட்கார்ந்து கடை வாசலுக்கு வந்துவிட்டான். மற்றவர்கள் பின்னால் ஏறி நிரம்பிவிட்டார்கள். அவன் பூட்ஸ் பையோடு முன்கதவைத் திறந்தான். அந்த இருக்கையில் அக்கா முதுகுக்கு வைத்துக்கொள்கிற சின்னத் தலையணை இன்னும் இருந்தது. பூப்போட்ட உறை. நான் எடுக்கவில்லை.

அவன் தலையணையைப் பார்த்தான். யாருடையது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. "ஆன்டி, இங்க ஒக்காரலாமா?" என்று ரொம்பத் தாழ்ந்த குரலில் கேட்டான்.

"வேணாம் தம்பி" என்றேன். "நீ அழுதத நான் நம்பறேன். ஆனா இந்த எடத்துல ஒன்ன வச்சு என்னால ஓட்ட முடியாது."

அவன் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. கதவை மெதுவாகச் சாத்திவிட்டு நின்றான். பின்னால் இருந்தவர்கள் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். கோச் இறங்கி வந்து கெஞ்சினார், பிறகு கத்தினார். நான் அவருக்கும் அதையே சொன்னேன். கடைசியில் அவனை இன்னொருவர் காரில் ஏற்றி அனுப்பினார்கள். போய் ஆடினான். ஜெயித்தார்கள். அவன்தான் கோல் போட்டான். நான் மைதானத்துக்கு வெளியே வேனில் உட்கார்ந்து, கைதட்டலைக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கேட்டேன். திரும்பி வந்து அதே கடை வாசலில் எல்லாரையும் இறக்கினேன். வாளிகள் தயாராக இருந்தன.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் போனில் செயலாளரின் செய்தி வந்தது. கழகத்தின் ஒழுங்கை மீறி நடந்துகொண்டதால் என் வேன் சேவை உடனடியாக நிறுத்தப்படுகிறதாம். இதுவரை செய்த சேவைக்கு நன்றியாம். கீழே கும்பிடுகிற கைகள் வேறு.

மத்தியானம் அக்காவிடம் போய்க் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். பிறகு நிமிர்ந்து, "கூட்டம் போட்டாங்களா?" என்று கேட்டார்.

"இல்லக்கா."

"ஓட்டு?"

"இல்ல."

"தட்டு?"

இல்லை என்று தலையாட்டினேன். அவனுக்கு ஒரு வக்கீல், ஒரு வீடியோ, இரண்டு கூட்டம், ஏழு கை தேவைப்பட்டது. என்னை நீக்க ஒரு ஆளின் கட்டைவிரல் போதுமாக இருந்தது. ஆக, நீக்க அவர்களுக்குத் தெரியாமல் இல்லை.